பின் சீட்டு மட்டும் நிஜம்

மாம்பழம் ஒட்டிக்கொண்டது.

பிளாஸ்டிக் மாம்பழம்தான். முதுகில் காந்தம் வைத்தது. சற்று முன்வரை ரத்தினபாய் டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது அதே வீட்டு ஷெட்டில், பச்சை நிற லேண்ட் ரோவரின் பானெட்டில், பசை தடவியதுபோல் நின்றது.

"ஒரிஜினலா இருந்தா இந்நேரம் கீழே விழுந்திருக்கணும் மேடம்," என்றான் ஃபிரெடி. "இது பழுத்தும் விழ மாட்டேங்குது."

மாளவிகா அதைப் பிய்த்து எடுத்து முன் மட்கார்டில் வைத்தாள். ஒட்டியது. கதவில் வைத்தாள். அங்கேயும் ஒட்டியது.

மாளவிகா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பொய் விபத்துகளை முகர்ந்து கண்டுபிடித்தவள். அந்த மூக்கை நம்பி, மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். ஃபிரெடி அவளுடைய உதவியாளன். முப்பத்தைந்து வயதாகிறது, வாய்க்கு மட்டும் இன்னும் பள்ளிக்கூட வயது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான் இந்த ரத்தினபாய் டீச்சர்.

"நான் நேத்தே சொல்லிட்டேன் மேடம்," என்றார் ஷ்யாம்சுந்தர். பழைய வண்டிகளை மதிப்பிட்டுச் சொல்வது அவர் தொழில். இந்த வண்டியை வாங்க ஆசைப்பட்ட சேகரிப்பாளர் ஒருவருக்காக வந்திருந்தார். "அறுபது வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துலேர்ந்து வந்த லேண்ட் ரோவருக்கு பாடி அலுமினியம். யுத்தம் முடிஞ்ச சமயம் அங்கே இரும்புக்குப் பஞ்சம். விமானத்துக்குன்னு வெச்சிருந்த அலுமினியத்தை எடுத்து வண்டி செஞ்சாங்க. அந்தப் பழக்கம் அப்படியே நின்னுடுச்சு. காந்தம் ஒட்டவே கூடாது. இது நம்ம ஊர்த் தகடு. அடியில ஏதோ உள்ளூர் ஜீப்பு. கேபின்ல இருக்கற சேஸிஸ் நம்பர்த் தகடு மட்டும் நிஜம். அதையும் பிடுங்கி எடுத்துட்டு வந்து புது ரிவெட் அடிச்சிருக்காங்க."

"மொத்தமும் போலியா?"

"நல்ல கையால செஞ்ச போலி. ரோட்டுல பார்த்தா நானே ஏமாந்திருப்பேன். ஆனா ஒண்ணு." அவர் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தார். "இந்தப் பின் சீட்டு நிஜம். இந்த ரெக்ஸின், இந்தத் தையல், கீழே இருக்கற சட்டம் எல்லாம் கப்பல்ல வண்டியோட வந்தது. முழு வண்டியும் இப்படி இருந்திருந்தா, இதை வித்த காசுக்குச் சேலையூர்ல ஒரு ஃப்ளாட் வாங்கலாம்."

"விலை இருக்கட்டும் சார்," என்றார் ரத்தினபாய். ஷெட் வாசலில் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்ன உருவம். ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல். "வண்டி எங்கே?"



அந்த வண்டி ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்காகக் கப்பலில் வந்தது. டீச்சரின் கணவர் சாலமோன் அதற்கு டிரைவர். ஆஸ்பத்திரியை மூடியபோது, இத்தனை காலம் ஓட்டினவனிடமே இருக்கட்டும் என்று அவருக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரே மகன் ஜெஃப்ரி அந்த வண்டியில்தான் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டான். அவன் உயிர் போனதும் அந்த வண்டியில்தான். கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். தாம்பரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும் வழியில், பின் சீட்டில், அம்மா மடியில் முடிந்துபோனான். இருபத்திரண்டு வயது.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் டீச்சர் ஷெட்டுக்கு வருவார். பின் சீட்டில் ஏறி உட்காருவார். பிள்ளையின் தலை இருந்த இடத்தில் கையை வைத்துக்கொள்வார். பத்துப் பதினோரு வருஷமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

போன வருஷம் சாலமோனும் போய்விட்டார். தனியாக இருக்க வேண்டாம் என்று நாகர்கோவிலில் இருக்கும் தங்கை கூப்பிடுகிறாள். அங்கே மாடி வீடு, வண்டிக்கு இடமில்லை. நன்றாக வைத்துக்கொள்கிற கையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தபோதுதான், ஷ்யாம்சுந்தர் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் மாளவிகா," என்றார் டீச்சர். "அவர் வித்துட்டாரா? என் பிள்ளை உயிர் போன வண்டியை வித்துட்டு, எனக்கு விளையாட ஒரு பொம்மையைக் கொடுத்துட்டாரா? அது தெரிஞ்சா போதும். தெரியாம நான் இந்த ஊரை விட்டுப் போக முடியாது."

ஷ்யாம்சுந்தர் நல்ல மனுஷர். நிஜ வண்டி கிடைத்தால் ஒரு போன் போடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மாளவிகா பின் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஃபிரெடி, நீ ஒருத்தரை ஏமாத்தப் போறே. போலி வண்டி செய்யறே. ஒரே ஒரு நிஜச் சாமான்தான் வெக்கலாம்னா எதை வெப்பே?"

"பானெட்டை. இல்லைன்னா டாஷ்போர்டை. வாங்க வர்றவன் கண்ணு முதல்ல படற இடம் அதுதானே?"

"இவன் பின் சீட்டை வெச்சிருக்கான்."

ஃபிரெடி தலையைச் சொறிந்தான். "அப்போ அவனுக்குத் தொழில் தெரியலை."

"தெரிஞ்சிருக்கு. வாங்க வர்றவனை ஏமாத்த இவன் இதைச் செய்யலை. பின் சீட்டுல உட்கார்றவங்களை ஏமாத்தணும்னு செஞ்சிருக்கான்."

தூரத்தில் மின்சார ரயில் தாம்பரத்துக்குள் நுழைகிற சத்தம் கேட்டது.

"டீச்சர், இந்த வண்டி வீட்டை விட்டு எப்போ வெளியே போச்சு?"

"ஜெஃப்ரி போன வருஷமே. அக்டோபர் மாசம். பெயின்ட் அடிக்கணும்னு கொண்டு போனார். நான் சண்டை போட்டேன். என்ன வேணா பண்ணுங்க, அந்தச் சீட்டைத் தொடக் கூடாதுன்னு சொன்னேன். திரும்பிக் கொண்டுவந்து விட்டப்போ கேட்டேன். யாரும் தொடலைன்னார்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "அவர் பொய் சொல்ல மாட்டார்னு நினைச்சேன்."

"அதுல அவர் பொய் சொல்லலையே," என்றாள் மாளவிகா.

கைப்பையிலிருந்து சின்ன முகக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தாள். பானெட்டைத் தூக்கி, முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால் கண்ணாடியை நுழைத்தாள். வண்டி செய்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்வான். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் தானாக இருப்பான். இன்ஷூரன்ஸில் அவள் கற்றது அது.

கண்ணாடியில் மூன்று மஞ்சள் வட்டங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பாக ஒரு புள்ளி.

டீச்சர் குனிந்து பார்த்தார். "சந்தனப் பொட்டா? எங்க வண்டியிலேயா? சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணி எண்ணெய் பூசின வண்டி இது."

"நடுவுல மதம் மாறியிருக்கு போல டீச்சர்," என்ற ஃபிரெடி, அவர் பார்த்த பார்வையில் ஏழாம் வகுப்புக்குத் திரும்பிப்போய் வாயை மூடிக்கொண்டான்.

மாளவிகா நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. "இது சந்தனம் இல்லை, பெயின்ட். பொட்டு அழியவே கூடாதுன்னு நினைக்கற ஒரு பெயின்டர் வெச்சது. அக்டோபர்னா ஆயுத பூஜை. அன்னிக்கு இந்த வண்டி அவன் பட்டறையில நின்னிருக்கு."

ஃபிரெடியின் முகம் மெதுவாக மாறியது. "மேடம், இந்தப் பொட்டை நான் பார்த்திருக்கேன். எங்க பெரியப்பா ஆம்னியில, டிக்கி மூடிக்கு உள்பக்கம். அவரு சர்ச் கமிட்டி மெம்பர். ராத்திரி பகலா பிளேடு வெச்சுச் சுரண்டினாரு. நகம்தான் போச்சு, பொட்டு போகலை."

"ஆம்னியை எங்கே வேலைக்கு விட்டிருந்தாராம்?"

"குரோம்பேட்டை. ஏகநாதன் பட்டறை."

*

ஜி.எஸ்.டி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் பின்னால், ஒரு கார் மட்டும் நுழையக்கூடிய சந்தில் இருந்தது பட்டறை. டீச்சரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். ஏகநாதன் ஒரு கதவுக்குப் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளைப் பொடி.

"இன்னாம்மா, டென்ட்டா, பெயின்ட்டா?"

"பொட்டு," என்றாள் மாளவிகா. செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினாள்.

அவர் முகத்தில் முதலில் பெருமை வந்தது. அப்புறம்தான் அது எந்த வண்டி என்று புரிந்திருக்க வேண்டும். தேய்ப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"உங்க பொட்டுதானே?"

"ஆயுத பூஜை அன்னிக்கு என் பட்டறைக்குள்ள எந்த வண்டி நின்னாலும் அது என் வண்டி. மறுநாளுதான் உங்க வண்டி. அன்னிக்கு பொட்டு வெக்காம வுட மாட்டேன். சர்ச்சுக்காரங்க வண்டின்னா கண்ணுல படாத எடத்துல வெப்பேன். சந்தனம் வெச்சா ஒரு மழைக்கு தாங்காது. பெயின்டருக்கு பெயின்ட்டுதானே சந்தனம்?"

"எங்க பெரியப்பா உங்களைத் தேடிட்டு இருக்காரு," என்றான் ஃபிரெடி.

"ஆம்னிக்காரரா? ரெண்டு வாட்டி வந்து கத்திட்டு போயிட்டாரு. மூணாவது வாட்டி டிங்கரிங் வேலைக்கு என்கிட்டயேதான் வந்தாரு."

மாளவிகா சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். "சாலமோன் ஐயா ஏன் இன்னொரு வண்டி செய்யச் சொன்னார்?"

ஏகநாதன் கையைத் துடைத்துக்கொண்டார். "அது வேணாம்மா. சத்தியம் பண்ணிக்கீறேன். ஆளு போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். போனவர்கிட்ட பண்ண சத்தியத்தை யாருகிட்ட போய் திருப்பித் தர்றது?"

"சரி, காரணம் வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பின் சீட்டை யார் மாத்தினது?"

கம்ப்ரஸர் ஒரு தடவை ஓடி நின்றது.

"அவரேதான்," என்றார் கடைசியில். "என் பசங்க கைய வெக்கப் போனப்போ வேணாம்னாரு. தனியாவே கழட்டி, புள்ளையைத் தூக்கினு வர்ற மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்தினு வந்து இதுல வெச்சாரு. அதுக்கு மேல கேக்காதம்மா. கூடுவாஞ்சேரில தாயாரம்மாள்னு ஒரு அம்மா கீது. வாரா வாரம் அங்கதான் போவாரு. அந்த அம்மாவைப் போய் கேளு. என்னாண்ட சத்தியம் வாங்கினாரு, அந்த அம்மாவாண்ட வாங்கினாரோ என்னவோ."

"எந்தக் கிழமை போவார்?"

கேட்டது மாளவிகா இல்லை. பட்டறை வாசலில் ரத்தினபாய் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். காரில் இருக்கச் சொன்னால் இருக்கிற ஆளா அவர்?

ஏகநாதனுக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். "வியாழக்கிழமைம்மா."

டீச்சர் திரும்பி நடந்தார். கார்க் கதவைத் திறக்கும்போது, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். "வியாழக்கிழமை ஜெபக்கூட்டம்னு சொல்லுவார். சட்டையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுப்பேன்."

*

மாளவிகாவின் பழைய மாருதி தெற்கே திரும்பியது. கூடுவாஞ்சேரி, ஒரு பெண்பிள்ளை, வாரா வாரம் ஒரு நாள், வீட்டில் சொன்ன பொய். இந்த நாலையும் கூட்டினால் என்ன விடை வரும் என்று கணக்கு டீச்சருக்கா தெரியாது? தாம்பரம் தாண்டும்வரை அவர் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

பெருங்களத்தூர் நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது அங்கே மேம்பாலம் இருக்கிறது. ஜெஃப்ரி போன அன்று இல்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போன சென்னை முழுக்கத் திரும்பி வருகிற ஞாயிற்றுக்கிழமை அது. பஸ், வேன், கார் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்ற சாலை.

"இங்கேதான்," என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல். "வண்டி நகரவே இல்லை. அவர் ஹாரனை அமுக்கிட்டே இருந்தார். யார் வழி விடறது? எல்லாருக்கும் வீட்டுக்குப் போற அவசரம். இவன் என் மடியில. மூச்சு வாங்குது. அப்பா எங்கேன்னு கேட்டான். முன்னாடிதான் இருக்கார். அவனுக்குத் தெரியலை. நான் சொன்னேன், 'திரும்பிப் பாருங்க, ஒரு தடவை திரும்பி இவனைப் பாருங்க'ன்னு. அவர் திரும்பலை. ரோட்டையே பார்த்துட்டு ஹாரனை அமுக்கினார். எல்லாம் முடிஞ்ச அப்புறமும் அமுக்கிட்டே இருந்தார்."

மாளவிகா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"அடக்கம் முடிஞ்சு வந்த அன்னிக்கு, நீங்க மனுஷன் இல்லை, கல்லுன்னு சொன்னேன். அதுக்கும் அவர் வாயைத் திறக்கலை. அப்புறம் எங்களுக்குள்ள பேச்சே கிடையாது. சாப்பாடு வெப்பேன், சாப்பிடுவார். அவன் கடைசியா அப்பாவைக் கேட்டான்கறதை நான் அவர்கிட்ட சொல்லவே இல்லை. சொன்னா இவருக்கு என்ன தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இப்போ புரியுது. போய் அழறதுக்கு அவருக்கு ஒரு வீடு இருந்திருக்கு."

டீச்சரைத் தப்பாக நினைக்காதீர்கள். துக்கம் வந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே மாதிரி அழுவார்கள் என்று சொல்ல முடியுமா? ஒருவர் அழுகை மற்றவருக்குக் கேட்காமலே போவதும் உண்டு.

*

தாயாரம்மாளைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. புது மனைப்பிரிவுகளுக்கு நடுவில், சவுக்குக் கட்டையும் சென்ட்ரிங் தகடும் வாடகைக்கு விடுகிற கொட்டகை. எழுபது வயதுப் பெண்மணி, லுங்கி மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பத்துக் கட்ட எத்துகினு போயி எட்டுக் கட்ட எத்துகினு வர்றியே, ரெண்டு கட்ட இன்னா குட்டி போடப் போச்சா?"

ஃபிரெடி மாளவிகாவின் காதில் சொன்னான். "மேடம், நாம சந்தேகப்பட்ட கேஸ் இது இல்லை."

மேஸ்திரி தப்பித்தோம் என்று ஓடினான். தாயாரம்மாள் திரும்பி, வந்தவர்களைப் பார்த்தாள். டீச்சரின் வெள்ளைச் சேலையையும் மூக்குக் கண்ணாடியையும் பார்த்ததும் குரல் இறங்கியது.

"நீதான் டீச்சரா?"

ரத்தினபாய் அசையவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம இன்னா? எப்பப் பாரு, டீச்சர் இப்டி, டீச்சர் அப்டின்னுதான் பேச்சு. என் பேரனுக்கு கணக்கு வரலைன்னா, டீச்சருகிட்ட இட்டுகினு போவட்டுமான்னு கேப்பாரு. அப்புறம் அவரே வேணாம்பாரு. எத்தினி மாசமா ஆளைக் காணோம்? காலு கீலு முடியலையா? நானும் வியாழக்கெழமைன்னா தார்ப்பாயைத் தொடச்சி வெச்சிட்டு உக்காந்துகினு கீறேன்."

மாளவிகாவும் ஃபிரெடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவே இல்லை. சொல்ல யாருக்குத் தெரியும்?

"அவர் போயிட்டார்மா," என்றார் டீச்சர். கோபத்தை எல்லாம் எங்கேயோ வழியில் இறக்கி வைத்துவிட்டவர்போல, மெதுவாக. "போன வருஷமே."

தாயாரம்மாள் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த சவுக்குக் கட்டைமேல் அப்படியே உட்கார்ந்தாள். முந்தானை இல்லாததால் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல மனுசன்," என்றாள். "வா டீச்சர். உன் பொருள் உள்ள கீது."

கொட்டகையின் பின்பக்கம் தகரக் கதவு. உள்ளே தார்ப்பாய் மூடிய பெரிய உருவம். ஃபிரெடி தார்ப்பாயை இழுத்தான். பச்சை நிறம் வெளுத்து, ஓரமெல்லாம் நசுங்கி, கிழவனைப்போல் நின்றது ஒரு லேண்ட் ரோவர். கேபினில் நம்பர்த் தகடு இருந்த இடம் மட்டும் காலியாக, நான்கு ஓட்டையோடு இருந்தது.

ஃபிரெடி பையிலிருந்து மாம்பழத்தை எடுத்தான். கதவில் வைத்துக் கையை எடுத்தான்.

விழுந்தது.

பானெட்டில் வைத்தான். விழுந்தது. மட்கார்டிலும் விழுந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து மாம்பழத்தைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"விக்கலை," என்றார் டீச்சர். "அவர் விக்கலை."

மாளவிகா அதற்குள் கதவைத் திறந்து உள்ளே பார்த்திருந்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டிரைவர் சீட்டு திரும்பி இருந்தது.

போல்ட்டைக் கழற்றி, சீட்டைப் பின்பக்கம் பார்த்துத் திருப்பி, மறுபடி முடுக்கியிருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் ஸ்டீயரிங் முதுகில் இடிக்கும். கண்ணாடி வழியே சாலையைப் பார்க்க முடியாது. பின்னால் மட்டும்தான் பார்க்க முடியும். பின்னால் ஒன்றுமே இல்லை. சீட்டு இருந்த இடம் வெறும் தகடு. அந்தச் சீட்டுத்தான் தாம்பரத்தில் இருக்கிறதே.

"எடத்தை வாடகைக்குக் கேட்டு வண்டிய வுட்ட மொத வருசம் உள்ள ஏறவே மாட்டாரு," என்றாள் தாயாரம்மாள். "அந்த ஸ்டீரிங்கைத் தொட முடியலம்பாரு. வெளிய நின்னு பாத்துட்டு போயிடுவாரு. ஏன் சாமி, இதை வித்துத் தொலைச்சிட்டு நிம்மதியா இருன்னேன். விக்கவும் முடியல, வூட்டுல வெச்சுப் பாக்கவும் முடியல, டீச்சருக்கு இது இல்லாம முடியாது, அதான் அவங்களுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்துட்டேன்னாரு. அப்பால ஒரு நாளு ஸ்பேனரோட வந்தாரு. தனியா இதைத் திருப்பிப் போட்டாரு. இன்னாத்துக்குன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?" என்றாள் மாளவிகா.

"அன்னிக்கு முன்னாடியே பாத்துகினு ஓட்டிட்டேன் தாயாரம்மா, என் புள்ள பின்னாடி போய்க்கினு இருந்தான்னாரு. திரும்பினா கையி நடுங்கும், கையி நடுங்கினா வண்டி நிக்கும், வண்டி நின்னா புள்ள போயிடுவான்னு நெனச்சி திரும்பலையாம். அவ்ளோதான் சொன்னாரு. அதுக்கப்புறம் வாரா வாரம் வந்து இதுல உக்காந்துகினு பின்னாடியே பாத்துகினு இருப்பாரு. சத்தம் வராது. தோளு மட்டும் குலுங்கும். போவ சொல்லோ மூஞ்சி கழுவிகினு, டீச்சர் இஸ்திரி போட்ட சட்ட, கசங்கக் கூடாதுன்னு நீவி வுட்டுகினு போவாரு."

டீச்சர் அந்த வண்டியை நோக்கி நடந்தார். ஃபிரெடி ஓடிப்போய்க் கையைக் கொடுத்தான். முழங்கால் வலியோடு அவர் பின்பக்கமாக ஏறினார். உட்காரச் சீட்டு இல்லை. வெறும் தகட்டில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அன்று உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். எதிரே, முழங்காலில் இடிக்கிற தூரத்தில், திரும்பிய சீட்டு. நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் கையை வைத்துக்கொண்டார்.

மாளவிகாவின் போன் அடித்தது. ஷ்யாம்சுந்தர். அவள் கொட்டகைக்கு வெளியே வந்தாள்.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன் சார். வண்டி கிடைச்சுது."

"நிஜமாவா? காந்தம் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு. எங்கேயும் ஒட்டலை. பின் சீட்டும் நம்பர்த் தகடும் தாம்பரத்துல இருக்கு. ரெண்டையும் இங்கே கொண்டுவந்துட்டா எல்லாம் அந்த வண்டிதான்."

"அற்புதம் மேடம். வேற மாறுதல் ஏதாவது உண்டா?"

"டிரைவர் சீட்டு மட்டும் பின்பக்கம் பார்த்து இருக்கு."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "யார் பார்த்த வேலை அது? பரவாயில்லை, நாலு போல்ட்டுதான். திருப்பிப் போட்டா முழு விலை போகும். இல்லைன்னா விலை இறங்கிடும்."

மாளவிகா தகரக் கதவின் இடுக்கு வழியே உள்ளே பார்த்தாள். வாயே மூடாத ஃபிரெடி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"இறங்கட்டும் சார்," என்றாள். "அந்தச் சீட்டு அப்படியேதான் இருக்கும். அதுக்குச் சம்மதிக்கறவர் யாரோ அவர் வாங்கட்டும்."

போனை அணைத்தாள். உள்ளே டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். வகுப்பறைக் குரல் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல்.

"உங்களைத்தான் கேட்டான்," என்றார். "கடைசியா அவன் கேட்டது உங்களைத்தான். நான்தான் சொல்லாம இருந்துட்டேன்."